அப்பத்தாவின் கூடாரம்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்குப் போகும் சாலையில், 63 வயதுள்ள ஒரு கிழவியும் 11 வயதுள்ள ஒரு சிறுமியும் ஆளுக்கொரு சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார்கள். கிழவியின் சைக்கிளில் பின்புறம் இரு பக்கமும் இரண்டு பெரிய பைகள் தொங்கின. மேலே ஒரு நீண்ட மூட்டை கட்டியிருந்தது. வழியில் தேநீர் குடிப்பதற்காக அவர்கள் இறங்கியபோது, கடைக்காரர் அந்த மூட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன அம்மா வியாபாரம்? புடவையா, அப்பளமா?" என்று கேட்டார்.

கிழவி பதில் சொல்வதற்குள் சிறுமி முந்திக்கொண்டாள். "நாங்க ஒண்ணும் விக்கலை. எங்க வீட்டை எடுத்துக்கிட்டுப் போறோம்!"

நேயர்களே! அந்தக் கிழவி நான்தான். சிறுமி என் மகன் வயிற்றுப் பேத்தி. மூட்டைக்குள் இருந்தது இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கக்கூடிய ஒரு கூடாரம். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்பிள்ளைக்கு இப்படிப்பட்ட ஆசை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அக்கம்பக்கத்தார் அனைவரும் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்ல எண்ணுகிறேன்.

காலியான வீடு

முப்பது வருஷத்துக்கு மேல் நான் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். 2022-ஆம் வருஷம் மே மாதம் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷமே என் கணவர் காலமானார். காலையில் மணி பார்த்து எழுந்து ஓடுவதற்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மாலையில் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பதற்கு ஆளும் இல்லை. ஐந்து அறைகள் உள்ள வீட்டில் நான் உபயோகித்ததெல்லாம் சமையலறையையும், கூடத்தில் ஒரு மூலையையும் தான். மற்ற அறைகளை வாரம் ஒரு முறை பெருக்குவேன். பெருக்கும்போது அவருடைய மூக்குக் கண்ணாடியோ, பழைய குடையோ கண்ணில் படும். அன்றைய பொழுது அத்தோடு போய்விடும்.

என் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். ஏழாவது மாடியில் அவனுக்குக் குடித்தனம். "இந்த வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள், அம்மா" என்று அவன் சொல்லாத மாதம் இல்லை. அவன் சொன்னது அன்பினால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் வீட்டை விற்பது என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அவர் கட்டிய வீடு அல்லவா? "என் உடம்பு இங்கேதான் வேகும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவேன்.

இந்த நிலைமையில் ஒரு நாள் பின்கட்டில் தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துக் கொண்டிருந்தேன். தவிட்டு மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த என் பழைய சைக்கிள் அகப்பட்டது. இரண்டு டயர்களிலும் காற்று இல்லை. சங்கிலி துருவேறி இருந்தது. என் நிலைமைக்கும் அதன் நிலைமைக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

1992-ல் நடந்தது

அந்தச் சைக்கிளின் கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஜில்லாவின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான ஆண் பெண்களுக்கு, ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, இரவு நேரங்களில் எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். கற்பிக்கத் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் முன்வந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் சைக்கிள் கற்பதையும் இந்த இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காலத்தில் பலர் நகைத்தார்கள். சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. தண்ணீருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக ஒரு பெண் கணவனையோ தமையனையோ எதிர்பார்த்து நிற்கும் வரையில், அவள் எழுத்துக் கற்று எவ்வளவு தூரம் போய்விட முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்யும் பெண்களும், பால்வாடி ஆயாக்களும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் வாங்குவதற்குக் கடன் உதவியும் கிடைத்தது. பெண்கள் சைக்கிளுக்குப் பஞ்சம் வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம் என்று சொன்னவர்களும் உண்டு!

எனக்கு அப்போது முப்பது வயது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாய். "ஊர் என்ன சொல்லும்?" என்று முதலில் தயங்கியவர் என் கணவர். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மாலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆசனத்தைப் பின்னால் பிடித்தபடி மைதானத்தை என்னோடு பத்துச் சுற்று ஓடி வந்தார். பதினோராவது சுற்றில், "பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் எங்கோ தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளைக்கும் அதே மைதானத்தில் அதே விதமாகத்தான் அவர் கற்றுக் கொடுத்தார்.

லிஸ்மோர் ஊர்ப் பெண்மணி

சைக்கிளைப் பழுது பார்த்தாகிவிட்டது. ஆனால் அதில் ஏறிக்கொண்டு எங்கே போவது? இதற்கு வழி காட்டியவள் அயர்லாந்து தேசத்துப் பெண்மணி ஒருத்தி. அவள் பெயர் டெர்வ்லா மர்பி. 2022 மே மாதம் 22-ஆம் தேதி, தனது தொண்ணூறாவது வயதில் அவள் காலமான செய்தியைப் பத்திரிகையில் படித்து, நான் கத்தரித்து வைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற அதே மாதம் அது.

1931-ல் லிஸ்மோர் என்னும் சிற்றூரில் அவள் பிறந்தாள். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் அவளுக்குப் பரிசாக வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த குழந்தை, சில நாட்களுக்குள்ளாகவே, "ஒரு நாள் சைக்கிளில் இந்தியாவுக்குப் போவேன்" என்று தீர்மானம் செய்துகொண்டாள். குழந்தைகள் எத்தனையோ தீர்மானங்கள் செய்கிறார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்கு வந்த சோதனை பெரியது. அவள் தாயார் கீல்வாதத்தினால் நடமாட முடியாதவர். அவருக்குப் பணிவிடை செய்வதற்காக டெர்வ்லா பதினான்காவது வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தினாள். பதினாறு வருஷம் அந்தப் பணிவிடையிலேயே கழிந்தது. 1961-ல் தந்தை இறந்தார். 1962-ல் தாயும் இறந்தார்.

தாயார் இறந்து சில மாதங்களில், 1963 ஜனவரி மாதம், ஐரோப்பா பனியில் உறைந்து கிடந்த கடுங்குளிரில், அவள் தன் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டாள். சைக்கிளுக்கு ரோஸ் என்று செல்லப் பெயர். டான் குயிக்ஸாட் என்னும் கதாநாயகன் ஏறிய கிழட்டுக் குதிரையின் பெயரைச் சுருக்கி வைத்தது அது. யூகோஸ்லாவியா, துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் வழியாக அவள் ஜூலை மாதம் டில்லி வந்து சேர்ந்தாள். இந்தப் பிரயாணத்தைப் பற்றிய அவளது நூல் 1965-ல் வெளியாயிற்று.

எனக்கு இதில் ஆச்சரியமாக இருந்தது வேறொரு விஷயம். 1968-ல் டெர்வ்லாவுக்கு ஒரு பெண் பிறந்தது. தனியாகவே அதை வளர்த்தாள். குழந்தைக்காகச் சில வருஷம் நெடும் பிரயாணத்தை நிறுத்தி வைத்தாள். குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் அதையும் அழைத்துக்கொண்டு மறுபடி புறப்பட்டாள். தாயும் மகளும் முதலில் வந்தது எங்கே தெரியுமா? நம் தென்னிந்தியாவுக்குத்தான்! 1973-ஆம் வருஷக் கடைசியில் வந்து, குடகு நாட்டில் தங்கினார்கள். பிற்பாடு அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதாகும்போது, பெரு தேசத்தின் மலைகளில் ஒரு கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு, கூடாரம் அடித்துத் தங்கித் தங்கி, இருவரும் மாதக்கணக்கில் நடந்தார்கள். அறுபது வயதிலும் டெர்வ்லா ஆப்பிரிக்காவில் கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரையில் சைக்கிளில் போனாள்.

பத்திரிகைத் துண்டைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். 'அவளுக்கு அறுபது வயதில் ஆப்பிரிக்கா என்றால், எனக்கு அன்னவாசல் கூடாதா?' என்று நினைத்தேன்.

தையற்காரரின் கண்டுபிடிப்பு

சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் யார் என்று தேடியபோது, இன்னொரு ருசிகரமான கதை கிடைத்தது. அவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயர். லண்டனில் தையல் தொழில் செய்தவர். 1853-ல், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, பெற்றோருடன் ஒரு வண்டிக் கூட்டத்தில் சேர்ந்து அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தார். இரவெல்லாம் கூடாரத்தில் படுக்கை. அந்தக் கஷ்டப் பிரயாணத்தில் சிறுவனுக்குக் கிடைத்த ஆனந்தம் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

பெரியவர் ஆன பிறகு சைக்கிள் வந்தது. ஆனால் அக்காலத்துக் கூடாரமோ மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டிய பாரம். தையற்காரர் அல்லவா? துணியின் எடையும் தையலின் வலிமையும் அவருக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகக்கூடிய இலேசான கூடாரங்களைத் தாமே அமைத்தார். 1897-ல் சில தோழர்களுடன் அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கானமாராவில் சுற்றினார். அதைப் பற்றி 1898-ல் ஒரு நூல் வெளியிட்டார். நூலைப் படித்தவர்களுக்கும் ஆசை பிறந்தது. அதன் பயனாக 1901-ல் சைக்கிள் கூடாரவாசிகளின் சங்கம் ஒன்று உண்டாயிற்று. வான்டேஜ் என்ற ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடிக் கூடாரம் அடித்ததுதான் ஆரம்பம். 1908-ல் ஹோல்டிங், கூடாரவாசிகளுக்கென்று ஒரு பெரிய கைப்புத்தகம் எழுதினார். 1909-ல் சங்கத்துக்குத் தலைவரானவர் யார் என்றால், தென் துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் 1912-ல் கூடாரத்துக்குள்ளேயே உயிர் நீத்த காப்டன் ஸ்காட்! அந்தச் சங்கம் இன்று பெயர் மாறி, மிகப் பெரிதாக வளர்ந்து, நடந்து வருகிறது.

ஹோல்டிங் தாம் அனுபவித்த சுகத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால், அது அவரோடு போயிருக்கும். பிறரையும் கூப்பிட்டார், அதனால் அது நிலைத்தது. இந்த உண்மை எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச காலம் சென்றது.

முதல் இரவு

கூடாரத்தை வரவழைத்து, முதலில் மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் முளை அடிப்பது எப்படி? நாலு மூலையிலும் நாலு குடம் தண்ணீர் வைத்துக் கட்டினேன். எதிர் வீட்டு அம்மாள், "மாடியில் வடாம் காய வைக்கப் பந்தலா?" என்று விசாரித்தாள்.

பிறகு ஒரு தை மாதத்தில் மெய்யாகவே புறப்பட்டேன். அன்னவாசலுக்குப் பக்கத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் மாந்தோப்பு இருக்கிறது. மாணவி என்றதும் இளம் பெண் என்று எண்ணிவிட வேண்டாம். அறிவொளி வகுப்பில் தன் நாற்பதாவது வயதில் என்னிடம் 'அ' எழுதக் கற்றவள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். அவளிடம் சொல்லிவிட்டுத் தோப்பின் ஓரத்தில் கூடாரம் அடித்தேன்.

எங்கள் சீமை மண் செம்மண்; ஒரு சாண் போனால் கல். ஆறு முளையில் இரண்டு வளைந்துவிட்டன. மிச்சத்தை நேராக அடித்துவிட்டுப் படுத்தேன். நடு இரவில் ஒரு காற்று வந்தது. முளைகள் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் அப்படியே என் மேல் விழுந்து போர்த்திக்கொண்டது! வலையில் சிக்கிய மீனைப் போல் நான் துள்ளிக் கொண்டிருக்கையில், வெளியே ஒரு கை விளக்கின் ஒளி தெரிந்தது.

"என்ன டீச்சர், வீடு வாசல் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே மாணவி வந்தாள். துணியை விலக்கி என்னை வெளியே எடுத்தாள். ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தாள். "முளையை இப்படி நேரா அடிச்சா நிக்குமா? மாட்டுக்கு முளை அடிக்கிறதைப் பார்த்ததில்லையா? கயிறு இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா தலை சாய்ஞ்சிருக்கணும்" என்று சொல்லி, ஒரு கல்லை எடுத்து, நாலே தட்டில் நாலு முளையையும் அடித்துவிட்டாள்.

அந்தக் கூடாரம் பிறகு அசையவில்லை. அவளும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் புருஷன் போன கதையை அவளும், என் கணவர் போன கதையை நானும் விடிய விடியப் பேசினோம். வீட்டுக்குள்ளே எத்தனையோ பேர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. அந்த மாந்தோப்பில் வந்தது.

புறப்பட விரும்புகிறவர்களுக்கு

நேயர்களில் யாருக்கேனும் இந்த ஆசை பிறக்கக்கூடும். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

கூடாரம் 2½ கிலோ. பாயும் போர்வையும் 2 கிலோ. சிறு அடுப்பும் பாத்திரமும் 1½ கிலோ. அரிசி, பருப்பு, அவல், வெல்லம் 2 கிலோ. மாற்று உடை 1½ கிலோ. பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், உபரி டியூப், திருகுளி 1 கிலோ. விளக்கும் மருந்தும் ½ கிலோ. ஆக மொத்தம் 11 கிலோ. தண்ணீர் தனி. பாரமான பொருள்களைப் பையின் அடியில் வைக்க வேண்டும். பாரம் மேலே இருந்தால் சைக்கிள் ஆடும். இரு பக்கமும் எடை சமமாக இருப்பதும் அவசியம். புறப்படும் முன் டயரில் நன்றாகக் காற்று அடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் நூறு மைல் போக வேண்டும் என்ற சட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு 25 கிலோமீட்டர் போதும். வெயில் ஏறுவதற்கு முன் பிரயாணத்தை முடித்துக்கொள்வது உத்தமம். மார்கழிக் கடைசியும், தையும், மாசியும் நமது சீமைக்கு ஏற்ற காலம்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் புத்தி வேண்டும். காய்ந்து கிடக்கிறதே என்று காட்டாற்றின் மணலிலோ கண்மாய்க்குள்ளேயோ கூடாரம் அடிக்கக் கூடாது. எங்கேயோ பெய்த மழை இரவில் இங்கே வந்து சேரும். தென்னை மரத்தின் கீழும், பட்டுப் போன கிளையின் கீழும் படுக்கக் கூடாது. எறும்புப் புற்றையும் கரையான் புற்றையும் விட்டு விலக வேண்டும். கூடாரத்தின் வாசலை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். காலையில் செருப்பை உதறிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும். காப்புக் காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றித் தங்கக் கூடாது. தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களிலும் அப்படியே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, யாருடைய நிலமோ அவரைக் கேட்டுக்கொண்டு தங்குவது. பெண்கள் தனியே போகும்போது, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்து, விளக்கு வெளிச்சம் எட்டும் இடத்தில் தங்குவதே நலம். கேட்டால் கொடுக்க மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். எனக்கு இதுவரையில் இடம் மட்டும் கொடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. மோரும், கடலையும், அறிவுரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

கல் படுக்கை

இப்போது சென்ற மார்கழிக்குத் திரும்புவோம். அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, பின்கட்டில் கூடாரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு என்னைச் சும்மா விடுவாளா? மகனிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். அவன் முதலில் கோபித்துக்கொண்டான். பிறகு மௌனமாக இருந்தான். "இரண்டே இரவு. இரண்டாம் நாள் சாயங்காலம் நானே காரில் வந்துவிடுவேன். வீட்டு விஷயமாகவும் பேச வேண்டும், வாங்குவதற்கு ஒருவர் வந்திருக்கிறார்" என்றான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். முதல் நாளே சித்தன்னவாசல் போய்ச் சேர்ந்தோம். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். குன்றின் ஒரு பக்கம் அறிவர் கோயிலில் தாமரைத் தடாகத்து ஓவியம் இருக்கிறது. மலைமேல் ஏறிச் சரிவில் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்னும் குகை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் பதினேழு அங்கே இருக்கின்றன. தலைப் பக்கம் கல்லையே தலையணை போல் உயர்த்தி வழுவழுப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். படுக்கை அருகே பழந்தமிழ் எழுத்துக்கள்.

பேத்தி வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பத்தா, இவங்களுக்கு வீடு கிடையாதா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும். விட்டுவிட்டு வந்திருப்பார்கள்."

"விட்டுட்டு வந்தப்புறம் வீட்டை நினைச்சு அழுதிருப்பாங்களா?"

ஆசிரியையாக முப்பது வருஷம் இருந்து, ஆயிரம் குழந்தைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "வா, வெயில் வருகிறது" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அன்று இரவு மாந்தோப்பில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டோம். வலை வழியே நட்சத்திரங்கள் தெரிந்தன. எங்கோ ஆந்தை கத்தியது. பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். "தாத்தா உங்களுக்கு எப்படிச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். பதினோரு சுற்றின் கதையைச் சொன்னேன். "பிடிக்கலைன்னு தெரிஞ்சதும் விழுந்துட்டீங்களா?" என்றாள். "இல்லை, அது தெரிந்தபோது நான் அரை மைதானம் ஓட்டிவிட்டிருந்தேன்" என்றேன்.

சொன்ன பிறகு, குழந்தை தூங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. குகையில் கேட்ட கேள்விக்குப் பதிலை என் வாயே சொல்லிவிட்டது போல் இருந்தது. 11 கிலோ சாமானோடு, ஆறு அடி நீளமுள்ள துணி வீட்டில், எனக்கு அன்று ஒன்றும் குறைவாக இல்லை. அவரும் அங்கே இல்லாமல் போகவில்லை. அவருடைய கதையைக் கேட்பதற்கு ஒரு குழந்தை இருந்தது. ஐந்து அறைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு நான் காவல் காத்தது யாரை?

நாலாவது முளை

மறுநாள் சாயங்காலம் மகன் வந்தான். தோப்புக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, செருப்பில் ஒட்டிய செம்மண்ணை உதறிக்கொண்டே வந்தான். அன்று காலையில் நாங்கள் இடத்தை மாற்றியிருந்தோம். கூடாரத்தை மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. மூன்று முளை அடித்தாகிவிட்டது. நாலாவதை அவன் கையில் பேத்தி கொடுத்தாள். அவன் அதை நேராக வைத்து ஓங்கினான். "அப்பா! அப்படி இல்லை. மாட்டுக்கு அடிக்கிற மாதிரி சாய்ச்சு அடிக்கணும்!" என்று அவள் அதட்டினாள். என் மாணவி கிணற்றடியில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

முளையை அடித்துவிட்டு அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். என் சைக்கிளைப் பார்த்தான். "இதே ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பழகும்போது அப்பா ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தபோதும் சொல்லாமல்தான் விட்டார்" என்றான். தகப்பனார் போன பிறகு அவன் அவரைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை.

நான் சொன்னேன்: "தம்பி, வீட்டை விற்றுவிடு."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மூன்று வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கொடுத்ததும், வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை. "அவசரமில்லை, அம்மா" என்றான்.

"அவசரப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஏழாவது மாடிக்கு நான் வரமாட்டேன். இந்த ஊரிலேயே இரண்டு அறையுள்ள ஒரு சிறு வீடு எனக்குப் போதும். வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு லீவுக்கும் குழந்தையை அனுப்ப வேண்டும். இதுதான் என் நிபந்தனை" என்றேன்.

அவன் அன்று இரவு ஊருக்குப் புறப்படவில்லை. கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆகையால் வெளியே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தான். பனி பெய்தது. மாணவி ஒரு கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

இப்போது அந்தச் சிறு வீட்டில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெரிய வீட்டைக் காலி செய்த அன்று நான் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அழுது முடித்ததும் சைக்கிளில் ஏறிப் புது வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தொலைவு மூன்று கிலோமீட்டர்தான்.

பேத்தி சென்னையிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். அடுத்த பிரயாணத்துக்கு வேண்டிய சாமான்களின் ஜாபிதா அதில் இருக்கிறது. கூடாரம், பாய், அடுப்பு, அவல், வெல்லம், பம்பு என்று எடை வாரியாக ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில், எடை போடாமல், 'அப்பாவுக்கு ஒரு சைக்கிள்' என்று எழுதியிருக்கிறாள்.